கூறைப்புடவையும் நூற்றைம்பது வோல்ட்டும்

எனக்குக் கோபம் வந்தால், தப்பு பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கல்யாணத்துக்கு முதல் நாள் வரை ஆனது. கண்டுபிடித்த பிறகும் கோபம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது ஆரணியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். சேவூரில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறி ஷெட். விசைத்தறிகள் நான்கு, கரண்ட் போனால் ஓட்ட ஒரு கிழட்டு டீசல் ஜெனரேட்டர். "எம்பொண்ணு கூறப்பொடவைய நானே நெய்ஞ்சி தரேன்" என்று அப்பா சம்பந்தி வீட்டில் வீறாப்பாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து புடவையை வாங்கி, பக்கத்துச் சேத்துப்பட்டு மாதா கோயிலில் ஃபாதரிடம் ஜெபித்து மந்திரிக்கக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மறுநாள் காலை கல்யாணம்.

பதினொரு மணிக்கு, ஒன்றரை முழம் பாக்கி இருக்கும்போது, கரண்ட் போனது.

ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். பல்பு மஞ்சளாக முழித்தது. தறி மோட்டார் முனகியதே தவிர சுற்றவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: நூற்றைம்பது வோல்ட். இருநூற்று முப்பது வர வேண்டும்.

மெக்கானிக் கரீம் பாய் வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் கம்மியா கீதும்மா. இஞ்சின் ஓடல, நடந்துகினு கீது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பாய், வோல்டேஜ காதால அளக்க முடியாது. கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். கழட்டுங்க."

"அதுக்கில்லம்மா, மொதல்ல ஸ்பீட பாத்துட்டு..."

"நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்!"

(இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.)

பாவம், கழற்றினார். கார்பன் நன்றாகத்தான் இருந்தது. அது உரசும் வளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார். மூடி, இரண்டு பேர் ஹேண்டில் போட்டுக் கிளப்பினால், மறுபடி நூற்றைம்பது. வயரிங் போட்டவனைத் திட்டினேன். டீசலில் கலப்படம் என்று பங்க்காரனைத் திட்டினேன். கிழட்டு மெஷினை வாங்கிய அப்பாவைத் திட்டினேன். கரண்ட் ஆபீஸை ஷெட் வாசலில் நின்று பொதுவாகத் திட்டினேன். அப்பா தறியில் நிற்கும் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்த கோபத்தில் பாயை இன்னொரு தடவை திட்டினேன்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தே விட்டார்கள். கூடவே மாப்பிள்ளை சேவியரும். எல்லோரும் ஷெட்டுக்குள் வந்து நின்றார்கள்.

பாய் என் வாய்க்குப் பயந்து, இஞ்சினுக்குப் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"அண்ணே, இத வந்து பாருங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

வேகம் கூட்டும் லீவர் மேலே ஏறாதபடி பட்டு நூலால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அரக்குச் சிவப்பு. என் கூறைப்புடவைக்கு வாங்கிய அதே நூல்.

"எவன் வேல இது?" என்று முதலில் கத்தியது நான்தான். (நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த நொடிவரை எனக்கு உறைக்கவே இல்லை.)

அப்பா முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். நெசவுக்காரர் வீட்டில் கையெழுத்தைவிட முடிச்சுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

"இது எடக்கை முடிச்சு ஆச்சே," என்றார்.

எங்கள் வீட்டில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

சேவியருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து மத்தியானம் போன்ல, 'ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல, இருங்க வரேன்'னு போனீங்களே. அப்புறம் நல்லா கேட்டுச்சே!"

போனேன்தான். சாப்பாட்டு நேரம், தறி நின்றிருந்தது. அணைத்தால் மறுபடி கிளப்ப இரண்டு ஆள் வேண்டுமே என்று ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார்கள். சத்தம் குறைய லீவரைத் தாழ்த்திக் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அதற்குள் கரண்ட் வந்து, யாரோ இஞ்சினை அணைத்துவிட்டார்கள். நூலை நான் மறந்தேன். வேகம் குறைந்தால் வோல்டேஜ் குறையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்.

பாய் முடிச்சை அறுத்தார். இஞ்சின் உறுமியது. பல்பு வெள்ளையாக எரிந்தது, தறி ஓடியது. ஆறு மணிக்குப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார் அப்பா. சேத்துப்பட்டில் ஃபாதர் எட்டு மணி வரை காத்திருந்து, முணுமுணுத்துக்கொண்டே மந்திரித்தாராம்.

"பரவால்லம்மா, கல்யாண டென்ஷன்," என்றார் பாய். திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் குரலை உயர்த்தினால் சேவியர் ஒரு சாண் சிவப்பு நூலை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். மாமியார் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். பாய் மகன் கடைக்குப் போனால் அவனும் சிரிக்கிறான்.

இதை எழுத உட்கார்ந்தபோதுகூட, யாரோ என் பேனாவில் சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். சேவியரைப் பிடித்து அரை மணி நேரம் கத்தினேன். அப்புறம்தான் முடிச்சைப் பார்த்தேன். இடக்கை முடிச்சு. நான் போடவில்லை. இந்த வீட்டில் இன்னொரு இடக்கைக்காரி என் மகள்தான்.