இன்னொரு தடவை வெட்டுங்க

“இனிமேல் இந்த வீட்டுப் படங்களில் ஒரு தலைகூட வெட்டுப்படாது” என்று காசிமிரோ ஒரு நாள் காலை காப்பிக் கோப்பையை மேசையில் தட்டிச் சபதம் போட்டார்.

சபதத்துக்கு அவசியம் இருந்தது. பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவர் எடுத்த படங்களில் முழுத் தலையோடு தப்பியவர்கள் குறைவு. மனைவியின் சித்தப்பா தன் அறுபதாவது பிறந்தநாள் படத்தில் கழுத்தோடு நின்றுபோனார். வெறும் தொப்பி மட்டும் விழுந்த படம் ஒன்றும் உண்டு. அது யார் தொப்பி என்று சொந்தத்துக்குள் இன்னும் தகராறு.

இப்போது மகள் சிசாவுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. அவர்கள் ஊரான புனாட்டா பக்கத்தில் முதல் முடி இறக்குவது நாவிதர் வேலையல்ல. முடியைச் சின்னச் சின்னக் குடுமிகளாகப் பிரித்து நாடா கட்டுவார்கள். வந்த சொந்தமெல்லாம் ஆளுக்கொரு குடுமி வெட்ட வேண்டும். வெட்டியவர் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் உறவு. வெட்டக் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனால் அந்தக் கோபமும் ஆயுசுக்குத்தான்.

“ஞாயித்துக்கிழமைக்கு ருஃபினோவ வர வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றார் காசிமிரோ. ருஃபினோ என்பவர் பசிலியா ஏற்பாடு செய்திருந்த புகைப்படக்காரர். பக்கத்து ஊர்.

மாவு பிசைந்துகொண்டிருந்த பசிலியா நிமிரவில்லை. “அப்ப யாரு படம் எடுக்கறது?”

“நான்தான்.”

“நீங்களா?”

“ஏன், எனக்கென்ன குறைச்சல்? புது கேமரா வாங்கியிருக்கேன். மூணு மாசமா கத்துக்கிட்டிருக்கேன். குழந்தைய எடுக்கணும்னா குழந்தை உயரத்துக்கு மண்டி போடணும். சாயங்கால வெயில்லதான் முகம் நல்லா விழும்.”

“மூணு மாசமா நம்ம கோழிகளைத்தானே எடுத்தீங்க?”

“கோழியும் அசையுது, குழந்தையும் அசையுது. பயிற்சின்னா அதுதான்.”

“‘இன்னொரு தடவை நில்லு, இன்னொரு தடவை நில்லு’ன்னு கோழிகிட்ட கெஞ்சினீங்களே, அந்தப் பயிற்சியா?”

காசிமிரோ பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வகுப்பில் யாரும் அவரை எதிர்த்துக் கேள்வி கேட்டதில்லை. அந்தக் குறையை வீட்டில் பசிலியா தீர்த்துவைத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள். “ஒண்ணே ஒண்ணு. எங்க அண்ணன் வெட்டற படம் எனக்கு வேணும். அப்பா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவன் அவன். அவன்கூட நான் இருக்கற படம்னு ஒண்ணுகூட இல்ல. மத்தவங்க தலை போனாலும் பரவாயில்ல.”

“மச்சான் படத்துக்கு நான் பொறுப்பு” என்றார் காசிமிரோ, நெஞ்சில் கை வைத்து. அந்தக் கையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் கூசும்.

ஞாயிற்றுக்கிழமை பசிலியா மகளின் தலையில் இருபத்திரண்டு குடுமி கட்டினாள். வந்த விருந்தாளிகளுக்கு இருபத்தொன்று. உச்சியில் சிவப்பு நாடா கட்டிய ஒன்று அண்ணன் எவுசேபியோவுக்கு. மத்தியானத்திலிருந்து வறுத்த பன்றிக்கறியும் அவித்த சோளமும் நடந்தன. மக்காச்சோளக் கள்ளான சிச்சா குடம் குடமாகக் காலியானது. மூன்று மணிக்கு எவுசேபியோ போன் செய்தார். சாலை மறியலாம். லாரியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வருகிறாராம்.

“காத்திருப்போம்” என்றாள் பசிலியா.

காசிமிரோ வானத்தைப் பார்த்தார். “வெயில் போயிடுமே.”

“போனா போகட்டும்.”

“இல்ல பசிலியா, ஞானத்தகப்பன்தானே முதல்ல வெட்டணும்? வரிசையா எல்லாரும் வெட்டி முடிக்கறதுக்குள்ள மச்சான் வந்துடுவார். அவர் குடுமிதான் தனியா சிவப்பு நாடாவோட இருக்கே!”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். “உங்க இஷ்டம்” என்றாள். குழந்தையின் தலையை ஒரு தடவை கோதி, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மனைவி ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னால் விவரமுள்ள கணவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். காசிமிரோ மண்டி போட்டார்.

ஞானத்தகப்பன் அன்செல்மோ கத்தரியை எடுத்து முதல் குடுமியை வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் காசிமிரோ கேமராவின் மூடியைக் கழற்றினார்.

“அண்ணே, இன்னொரு தடவை வெட்டுங்க.”

“வெட்டினத எப்படிய்யா திரும்ப வெட்டறது?”

“அதுக்குப் பக்கத்துல இருக்கறத வெட்டுங்க.”

இரண்டாவது குடுமிக்கு அன்செல்மோ கண்ணை மூடிவிட்டார். மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், குறுக்கே ஒரு சிச்சாக் குடம் போனது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடித்துப்போனது. ஆளுக்கொன்று என்றிருந்த உரிமை ஆளுக்கு இரண்டாகிறதென்றால் கசக்குமா? சந்தையில் பசிலியா வைத்திருக்கும் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி ஒர்டென்சியா மூன்று வெட்டிவிட்டு நான்காவதுக்கும் தயாராக நின்றாள்.

“இங்க பாருங்க... சிரிங்க... கத்தரிய மறைக்காதீங்க... அதோ, வெயில் படற இடத்துல இருக்கே, அத வெட்டுங்க! ஆங், இன்னொரு தடவை!”

தவழ்ந்து தவழ்ந்து படம் எடுத்ததில் அவருடைய காற்சட்டை பின்பக்கம் ‘பர்ர்’ என்றது. கைதட்டல் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. ஒர்டென்சியா வெட்டியதைத் தட்டில் போட்டாள். அப்போதுதான் நாடாவின் நிறத்தைப் பார்த்தார். சிவப்பு.

குழந்தையின் தலையைப் பார்த்தார். ஒரு குடுமிகூட மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை புழுதியோடு, தோளில் ஓர் ஆட்டுக்குட்டியோடு எவுசேபியோ வந்து நின்றார். மூன்று மணி நேரம் நடந்த களைப்பிலும் முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துட்டேன் மாப்ள! எங்க என் குடுமி?”

ஒர்டென்சியா கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எவுசேபியோ தட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மெதுவாக ஆட்டுக்குட்டியைக் கீழே இறக்கினார். அவர் சிரிப்பும் இறங்கியது. காசிமிரோவுக்குக் காது மடல் எரிந்தது. மண்டி போட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே வெட்கமாக இருந்தது. திட்டினாலாவது தேவலை, மனிதர் திட்டவும் இல்லையே!

பசிலியா அடுப்படியிலிருந்து வந்தாள். மகளின் சட்டைக் காலருக்குள் விரலை விட்டாள். பிடரியிலிருந்து மெல்லிய பின்னல் ஒன்று வெளியே வந்தது. நுனியில் சிவப்பு நாடா.

“உன்னோடது இது, அண்ணா.”

“எப்பக் கட்டின?” என்றார் காசிமிரோ.

“நீங்க ருஃபினோவ வேண்டாம்னு சொன்னீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

எவுசேபியோ கத்தரியை வாங்கினார். பசிலியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எடுங்க மாப்ள. இருக்கறது இது ஒண்ணுதான்” என்றார் எவுசேபியோ.

காசிமிரோ கேமராவைக் கண்ணில் வைத்தார். இருட்டு. மூடி கழற்றியிருந்தது. பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்கிறார்கள், அண்ணன் தங்கை இருவர் கண்ணிலும் தண்ணீர் நிற்கிறது, எந்த வாயால் சொல்வது?

கத்தரி மூடியது. “க்ளிக்!” என்று காசிமிரோ வாயாலேயே சொன்னார். “அருமை மச்சான்! சூப்பரா விழுந்துடுச்சு!”

அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்திருந்த மற்றப் படங்களைப் பார்த்தார். கத்தரி இருந்தது, கை இருந்தது, ஒர்டென்சியாவின் மூக்குத் துவாரம் மிகத் தெளிவாக இருந்தது. பசிலியா எதிரே வந்தால் தேசப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவள் ஒரு தடவைகூட “அண்ணன் படம் எங்கே?” என்று கேட்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

அடுத்த ஞாயிறு தாங்க முடியாமல் போய் நின்றார்.

“பசிலியா... உங்க அண்ணன் படம் இல்ல.”

“தெரியும்.”

“பேட்டரி தீர்ந்துடுச்சு. நான் வாயாலதான்...”

“தெரியும். உங்க கேமரா எப்பவும் கீச்சுனு கத்தும். அன்னிக்குத்தான் ‘க்ளிக்’னு தெளிவா உச்சரிச்சுது.”

“மன்னிச்சுக்க. அவமானமா இருக்கு. பொய் சொல்லிட்டேன்.”

பசிலியா அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். முதல் பக்கத்தில் எவுசேபியோ. புழுதி படிந்த முகம், ஈரக் கண், கையில் கத்தரி. பக்கத்தில் பசிலியா. மடியில் சிசா. அப்படியொரு படத்தை அவர் கனவில்கூட எடுத்ததில்லை.

“யார் எடுத்தது?”

“ருஃபினோ.”

“வர வேண்டாம்னு நான் சொன்னேனே!”

“வரணும்னு நான் சொன்னேன். வெள்ளைத் தொப்பி போட்டுட்டு மூலையில உக்காந்து மூணு தட்டு கறி சாப்பிட்டாரே, அவரை யாருன்னு நினைச்சீங்க?”

“உங்க சித்தப்பா வீட்டு ஆள்னு நினைச்சேன்.” பக்கங்களைப் புரட்டினார். அண்ணன் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலையும் முழுதாக இருந்தது. “எப்படி எல்லாரையும் இப்படிச் சிரிக்க வச்சார்?”

“அவர் எங்க வச்சார்? முன்னாடி நீங்க இருந்தீங்களே!”

அப்போதுதான் காசிமிரோ படங்களின் கீழ் ஓரத்தைக் கவனித்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு பின்பக்கம், கடைசிப் படங்களில் கிழிந்த காற்சட்டையோடு. அந்த ஆளுக்கு மட்டும் தலை இல்லை.

போன் அடித்தது. பசிலியா எடுத்து, பேட்டரி கதையையும் சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள்.

“அண்ணன்தான். வர்ற மாசம் அவன் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்ள கண்டிப்பா கேமராவோட வரணுமாம்.”

காசிமிரோ ஆல்பத்தை மூடினார். “மச்சான் என்னை மன்னிச்சிட்டாரா?”

“மன்னிச்சாச்சு. பேட்டரி மட்டும் போட வேண்டாமாம்.”