வேலியில் நின்ற வளைவு

ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இங்கிலீசு படிப்பிப்பது என்று நான் தீர்மானித்த அன்று, அச்சுவேலியில் என்னைவிடப் பெரிய மனிதன் வேறு எவனும் இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம். வீட்டில் வேறு அபிப்பிராயம் இருந்தது.

விஷயம் இதுதான். பிரான்சிலிருந்து வந்த துய்வால் சுவாமியார் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டத் தொடங்கியிருந்தார். கப்பலால் இறங்கிய கையோடு ஒரு பண்டிதரைப் பிடித்துத் தமிழ் படித்துவிட்டார். இங்கிலீசுதான் தெரியாது. கோயிலின் கட்டிடப் படத்தைச் சரிபார்க்க வரவிருந்த எஞ்சினியர் துரைக்கோ இங்கிலீசைத் தவிர வேறொன்றும் தெரியாது. படம் முழுக்க வளைவும் வளைகூரையும்.

"ஆசிரியப் பெருந்தகையே, வளைவின் உறுப்புகளுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர்களை அடியேனுக்கு அருள வேண்டும்" என்று சுவாமியார் என் விறாந்தையில் நின்று கேட்டார். எனக்கு மயிர் சிலிர்த்தது. காலமெல்லாம் இங்கிலீசு வாத்தியாராக இருந்தும் என் இங்கிலீசை இப்படி ஒருவரும் கைகூப்பிக் கேட்டதில்லை.

கேட்காதது மட்டுமா? அவமானமும் பட்டிருக்கிறேன்.

அடுத்த வளவில் இருப்பவர் ஏரம்பு. என் மனைவி குணலட்சுமியின் தங்கை அருமைநாயகியைக் கலியாணம் முடித்தவர். மலாயாவில் ஸ்ரேஷன் மாஸ்ரராக இருந்து பென்சனோடு வந்தவர். ஒரே காணியை மாமனார் இரண்டாக்கி இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்ததால், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு. பெண்கள் ஒழுங்கையால் சுற்றிப் போகாமல் நுழைந்து போவதற்கு வேலியில் விடுகிற ஓட்டையைத்தான் நாங்கள் பொட்டு என்போம். சீனியும் தேங்காயும் அதால் போகும். ஊர்ப் புதினம் அதால் வரும்.

ஒரு கலியாண வீட்டில், சபைக்கு நடுவில், நான் சொன்ன ஓர் இங்கிலீசுச் சொல்லை ஏரம்பு திருத்தினார். "அது மலாயாவிலை அப்பிடிச் சொல்லமாட்டினம் அண்ணை" என்றார். நான் சோற்றிலே கை கழுவாத குறையாக எழும்பி வந்து, அன்றைக்கே பொட்டை முட்கம்பியும் ஓலையும் வைத்து அடைத்தேன். "என்ரை உயிர் உள்ளவரைக்கும் இது திறபடாது" என்று சபதம் செய்தேன். குணலட்சுமி "சரி" என்று போய் அரிசி களைந்தாள்.

மூன்று வருஷமாகச் சபதம் நிற்கிறது. ஐம்பது தாண்டிய மனிதன் சில வேளை தன்னைத்தானே கேட்கிறான்: நீ பிறந்து வந்து என்னத்தைச் சாதித்தாய்? எனக்கு அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் போய் அந்த முட்கம்பியைப் பார்ப்பேன்.

சுவாமியாரின் பாடம் தொடங்கியது. வளைவைப்பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீசுச் சொல் 'ஆர்ச்' ஒன்றுதான். ஆகவே ஒரு தடித்த அகராதியை இரவல் வாங்கி முதல் நாள் படித்து மறுநாள் படிப்பித்தேன்.

"கூரை முழுக்க வளைஞ்சு நீளமாப் போனால் அது வோல்ட்."

"நாங்கள் வூத் என்போம்."

"உச்சியிலை கடைசியா இறுக்கிற கல்லு கீஸ்டோன். திறப்புக் கல்லு."

"எங்கள் நாட்டிலும் அது திறவுகோலே, ஐயா."

"வளைவின்ரை ரண்டு பக்கமும் ஹோஞ்ச். அதாவது இடுப்பு."

சுவாமியார் தாடியைத் தடவினார். "விந்தை. அவ்விடத்தை நாங்கள் சிறுநீரகம் என்று வழங்குவோம்."

ஒரு நாட்டானின் இடுப்பு இன்னொரு நாட்டானின் சிறுநீரகம். நான் மலைத்துப்போனேன். ஆனால் விடவில்லை. வளைவைச் சுற்றி அடுக்குகிற ஆப்புக் கல்லுக்கு அகராதியில் ஒரு பெரிய சொல் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வூஸ்வார்" என்றேன்.

சுவாமியார் தலை குனிந்தார். "அது எங்கள் மொழி, ஐயா. ஆங்கிலேயர் எம்மிடம் இரவல் பெற்றது."

நான் ஒரு பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சு படிப்பித்துவிட்டேன். ஏரம்பு தன் சேவைக் காலம் முழுக்க மலாயாவில் இருந்தும் இதைச் செய்திருப்பாரா? குசினிக்குள்ளே யாரோ சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அடுத்த கிழமை சுவாமியார் இன்னொரு வேண்டுகோளோடு வந்தார். துரை வருமுன் ஒரு வளைவைக் கட்டிக் காட்ட வேண்டும். கம்பியில்லாமல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் நிற்கும் என்று துரை நம்பமாட்டாராம். கோயில் வளவோ அத்திவாரம் தோண்டிக் குழியும் மேடுமாகக் கிடந்தது. மேசன்மாரைத் தான் அனுப்புவதாகச் சொன்னார். இடமும் கல்லும் நான் தரவேண்டும்.

கிணறு வெட்டியபோது எடுத்த முருகைக்கல் என்னிடம் குவிந்து கிடந்தது. எனக்குத் தலை சுற்றியது. தெருவுக்குத் திறக்கும் என் வீட்டு முன்படலையில் ஓர் ஆர்ச்! ஏரம்பு வீட்டுத் தகரப் படலை அதற்கு முன்னால் எம்மட்டு? உள்ளே ஓடினேன்.

"இஞ்சாரும், முன்படலையைப் பிடுங்கிப்போட்டு அதிலை ஆர்ச் கட்டப்போறன்."

"கட்டுங்கோ" என்றாள் குணலட்சுமி.

எனக்குப் பயம் பிடித்தது. அவள் உடனே ஒத்துக்கொண்டால் எங்கேயோ ஏதோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

"ஏன் உடனை ஓம் எண்டுறீர்?"

"நல்ல காரியந்தானே. மேசன்மார் கட்டிப் பழகிற முதல் வளைவு. உங்களிட்டைப் படிக்க வாற பொடியள் அதுக்குக் கீழாலைதான் வருவாங்கள். விழுந்தால் நாலஞ்சு பேருக்கு மேலை விழாது."

கொஞ்சம் யோசித்தேன். "முதலிலை உள்ளுக்கு எங்கையெண்டாலும் ஒண்டு கட்டிப் பாப்பமே?"

"அது உங்கடை யோசினை. நான் வாய் திறக்கேல்லை."

"கிணத்தடியிலை?"

"துலா முட்டும்."

"மாட்டுக் கொட்டிலடியிலை?"

"மாடு வந்து இடுப்புத் தேய்க்கும். உங்கடை வளைவுக்கும் இடுப்பு இருக்குதாம். எது எதின்ரை எண்டு தெரியாமல் போகும்."

"அப்ப எங்கைதான் கட்டிறது?"

"விரும்பின இடத்திலை கட்டுங்கோ. வேலிக்கரையிலை மாத்திரம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வளைவின்ரை முடி வேலிக்கு மேலாலை தெரியும். தங்கச்சியின்ரை மனுசன் விடிய எழும்பினால் அதிலைதான் முழிக்கவேணும். பிறகு அந்த மனுசனுக்கு வயித்தெரிச்சல் வந்தால் அவள்தானே பாவம்."

ஏரம்பு தினமும் என் வளைவில் முழிப்பது! எனக்கு உடம்பெல்லாம் தேன் ஊறியது.

"வேலிக்கரையிலைதான் கட்டுவன்."

"சொல்லுறதைக் கேளுங்கோ."

"கேக்கமாட்டன்."

"என்ன செய்யிறது. கட்டினாலும் அந்த அடைச்ச பொட்டடியிலை கட்டுங்கோ. மற்ற இடமெண்டால் பூவரசு வெட்டவேணும்."

"நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. ஆனால் யோசித்திருப்பேன்.

முட்கம்பியும் ஓலையும் அப்படியே நிற்க, அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் வளைவு எழும்பியது. மேசன் செபநாயகமும் கூட்டாளிகளும் முதலில் மரச்சட்டம் வைத்தார்கள். அதன்மேல் ஆப்புக் கல்லுகள் இரண்டு பக்கத்தாலும் ஏறி உச்சிக்கு வந்தன. கீஸ்டோனை நானே என் கையால் தொட்டுக் கொடுத்தேன். சுண்ணாம்பு இறுகிய பிறகு ஒரு நாள் செபநாயகம் மரச்சட்டத்தைத் தட்டிக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை. நின்றது. வெறும் காற்றிலே கல் நின்றது. நான் துள்ளினேன். என் வயதில் துள்ளுவது முறையா என்ற கேள்வி துள்ளி முடிந்த பிறகுதான் வந்தது.

"இஞ்சாரும் குணலட்சுமி, பார்த்தீரே. எல்லாக் கல்லும் விழத்தான் பாக்குது. ஒண்டையொண்டு விடாதபடியால் ஒண்டும் விழேல்லை. குடும்பமும் உப்பிடித்தான். அப்பிடியெண்டால் நான் இதிலை எந்தக் கல்லு?"

அவள் வளைவை மேலும் கீழும் பார்த்தாள். "கீழை கிடக்கிறது."

"அத்திவாரமோ?"

"அதின்ரை பேர் எனக்குத் தெரியாது. நல்லா மிதிபடுகிறது."

துரை வரும் நாள் வந்தது. நான் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு நின்றேன். சுவாமியார் பிசகாமல் ஒப்புவித்தார்: ஆர்ச், ஹோஞ்ச், கீஸ்டோன், வோல்ட். ஒவ்வொரு சொல்லுக்கும் என் தலை தானாக ஆடியது. துரை கல்லைத் தட்டிப் பார்த்தார். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு குனிந்து உள்ளே பார்த்து இங்கிலீசில் என்னிடம் கேட்டார்.

"இது எங்கே போகிறது?"

"ஓரிடத்துக்கும் போகவில்லை, சேர்."

துரையின் புருவம் ஏறியது. ஓரிடத்துக்கும் போகாத வளைவை ஏன் கட்டினீர்கள் என்றார். மறுபக்கத்தில் சுவர் கட்டி முட்டுக் கொடுத்திருக்கிறீர்களோ என்றார். அதற்குள்ளால் நடந்து போய்ப் பின்பக்கத்தையும் பார்த்தால்தான் கோயில் படத்தில் கையெழுத்து வைப்பாராம்.

சுவாமியார் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஆசிரியப் பெருந்தகையே, என் திருக்கோயில் இப்போது தங்கள் வேலியில் தொங்குகிறது."

ஒரு பக்கம் என் சபதம். மறுபக்கம் என் மாணவர். நான் சபதத்தைப் பிடித்தால் என் இங்கிலீசும் அல்லவா சேர்ந்து விழும்? ஒரு கணம் நான் அந்த வளைவைப் போலவே இரண்டு பக்கமும் தள்ளுண்டு நின்றேன். திரும்பினால், குணலட்சுமி கொடுவாக்கத்தியோடு நிற்கிறாள்.

"இதென்னத்துக்குக் கத்தி?"

"தேங்காய் உரிக்க எடுத்தனான்" என்றாள். கையில் தேங்காய் இல்லை.

வெட்டினேன். என் கையாலேயே ஓலையை வெட்டினேன். முட்கம்பியை இழுத்து எறிந்தேன். கோட்டுக் கை கிழிந்தது. கடைசி ஓலை விழுந்ததும் வெளிச்சம் வந்தது.

அந்தப் பக்கம் முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. மேசையில் வெள்ளைத்துணி. எங்கள் எல்லோருக்கும் அளவாகக் கதிரைகள். ஏரம்பு கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அருமைநாயகி தட்டத்தில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணியில் ஆவி பறந்தது.

"வாருங்கோ அத்தான். கண்டு எவ்வளவு காலம்" என்றாள் அருமைநாயகி. "இந்தாங்கோ, உங்களுக்குச் சீனி போடேல்லை. நீங்கள் இப்ப சீனி விட்டிட்டியளல்லே."

சீனியை விடும்படி பரியாரியார் சொன்னது போன மாசந்தான். இவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்க வாயெடுக்குமுன், துரை வளைவுக்குள்ளால் நடந்து வந்து, பின்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டி, கதிரையில் இருந்துவிட்டார். துரையின் தமையன் மலாயா ரெயில்வேயில் இருந்தவராம். ஏரம்புவும் துரையும் இங்கிலீசில் சிரித்த சிரிப்பில் வேலிக் காகங்கள் பறந்தன. நான் திருத்துவதற்கு ஒரு பிழை பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மனுசன் ஒரு பிழையும் விடவில்லை.

பிறகு ஏரம்பு என்னைக் காட்டித் துரையிடம் சொன்னார்: சுவாமியார் இன்று சொன்ன சொல்லெல்லாம் எங்கள் அண்ணை படிப்பித்தவை, எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. துரை எழும்பி என் கையைக் குலுக்கினார். படத்தில் கையெழுத்து விழுந்தது. சுவாமியார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்று வருஷமாக நான் வளர்த்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கேயும் காணவில்லை.

எல்லோரும் போனபிறகு விறாந்தையில் தனியே இருந்து யோசித்தேன். இந்தக் காலமெல்லாம் ஒரு வயிற்றுச் சகோதரிகளைப் பிரித்து வைத்திருந்த பாவி நான் அல்லவா? தோற்றுவிட்டேன், சரி. தோற்பதையாவது பெருந்தன்மையாகச் செய்வோம். குணலட்சுமியைக் கூப்பிட்டேன்.

"நான் நல்லா யோசிச்சன். சபதம் பெரிசோ, சகோதரம் பெரிசோ? என்ரை சபதத்தை நானே விடுறன். அந்த வழி இனித் திறந்து கிடக்கட்டும். நீரும் தங்கச்சியும் இனிமேல் ஆசைதீரக் கண்டு கதையுங்கோ."

குணலட்சுமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

"அப்ப கோழிக்கூட்டுக்குப் பின்னாலை இருக்கிற பொட்டை அடைச்சுவிடுங்கோ" என்றாள். "இனி அது தேவையில்லை. மூண்டு வருசமா அதுக்குள்ளாலை குனிஞ்சு குனிஞ்சு எங்கள் ரண்டு பேருக்கும் நாரி விட்டுப்போச்சு, இடுப்பு நிமிருதில்லை."

விடிய எழும்பி அடைத்தேன்.