நிறைவுரைக்கு முன்னால் லைன் போய்விட்டது

பெயர்கூட வெளியில் சொல்லக்கூடாத ஏதோ ஒரு முகாமில், நாட்டுக்காகக் கண்விழித்து நிற்கும் என் அருமை மகனுக்கு, சவுண்ட் சர்வீஸ் உரிமையாளரும் உன் தகப்பனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் தங்கை சுகம். பழைய ஆம்ப்ளிஃபையர்கூட சுகம். உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கிறிஸ்துமஸ் சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. உன் சுகத்தையும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளின் சுகத்தையும் அறிய ஆசை.

நிற்க. அன்று நடந்த கூத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். பண்டிகையன்று சாயங்காலம் வீடியோ காலில் பேச உனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உன் தங்கைக்கு மெசேஜ் வந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வருஷம் வாசலில் நட்சத்திர விளக்கு மாட்டும்போது நீதான் ஸ்டூலைப் பிடித்தாய். இந்த வருஷம் நானே ஏறி, நானே மாட்டி, நானே விழாமல் இறங்கினேன். பண்டிகை நாளில் பிள்ளை தனியாகக் கிடக்கிறோமே என்று நினைத்துவிடக் கூடாது, என் மனசில் ஓடியது அது ஒன்றுதான். உன்னோடு நிற்கிற பசங்களில் சில பேருக்குக் கூப்பிட்டுப் பேச வீட்டில் ஆளே கிடையாது என்று நீ முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தாய். சரி, நம்ம தெரு மொத்தமும் உங்களுக்குத் துணை நிற்கிறது என்று காட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

உனக்குத்தான் தெரியுமே, நாலு பேர் கூடினாலே என் கை மைக்கைத் தேடும். காலம் பூரா மேடைக்குக் கீழே உட்கார்ந்து அடுத்தவன் பேச்சுக்கு சவுண்டை ஏத்தி இறக்கினவன், நமக்குன்னு ஒரு நிகழ்ச்சி வரும்போது சும்மா விட முடியுமா? ஹாலில் நாற்காலி போட்டேன். பத்தாமல் வராந்தாவிலும் வாசலிலும் போட்டேன். உன் தங்கையோட போனை ஸ்டாண்டில் நிறுத்தி, அதிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் உன் குரல் கேக்கணும் இல்லையா? "அப்பா, இது வீடியோ கால்ப்பா, பொதுக்கூட்டம் இல்ல"ன்னு அவள் தலையில் அடிச்சுக்கிட்டாள். "ஏற்பாடு இல்லாம எந்தக் காரியமும் உருப்படாது, நீ சும்மா இரு"ன்னு அவள் வாயை அடைச்சேன். நிகழ்ச்சி நிரலும் தயார். வரவேற்புரை நான். வாழ்த்துரை பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். பாட்டு நம்ம தெருமுனை டெய்லர். நிறைவுரை உன் அம்மா. பெத்தவளைப் போய் எதுக்குக் கடைசியில போட்டீங்கன்னுதானே கேக்கறே? எந்த மேடையிலும் பெரிய ஆள் கடைசியிலதான்டா பேசுவாங்க. முதல்ல பேசவிட்டா அந்த ஆளுக்கும் மரியாதை இல்ல, கூட்டமும் பாதியில கலைஞ்சிடும். என் தொழில்ல இதுதான் பாலபாடம். இந்த வீட்ல பெரிய ஆள் அவதானே?

லைன் வந்தது. உன் முகம் வந்தது. கன்னம் ஒட்டிப்போய், காது மட்டும் பெரிசாத் தெரிஞ்சுது. பின்னால உன் சகாக்கள் யூனிஃபார்முக்கு மேல காகிதத் தொப்பி வெச்சுக்கிட்டு நின்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுகை வந்தா நான் என்ன பண்ணுவேன், மைக்கை எடுத்தேன். "நம்மைக் காத்து நிற்கும் மாவீரர்களே"ன்னு ஆரம்பிச்சதுதான் தாமதம், போனும் மைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்ததுல 'கூ...'ன்னு ஒரு ஊளை. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட பண்ணாத தப்பு. நீங்க எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டீங்க. ஒரு பையன் சடார்னு மேஜைக்கு அடியிலேயே போயிட்டான், பாவம், அங்கே பழகின பழக்கம் போலிருக்கு. அவன்கிட்ட நான் தனியா மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. ஊளையை அடக்கிட்டு ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன். "ரெண்டே வார்த்தை சார்"னு கெஞ்சித்தான் மைக்கைக் குடுத்தேன். அவர் நீ மூணாங்கிளாஸ்ல பெஞ்ச் மேல ஏறி நின்னதுல ஆரம்பிச்சு, ஒழுக்கம்னா என்னன்னு ஒரு பாடமே எடுத்துட்டார். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். பாராட்டறேன்னு நினைச்சு மனுஷன் இன்னும் உற்சாகமாயிட்டார்.

அப்புறம் டெய்லர். பாட்டு பாதியில மறந்துபோச்சு. விடுவாரா, முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போச்சு, நட்சத்திர விளக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக்ல குடுத்த புண்ணியவான் நான்தான். வீடே இருட்டு. போன்ல நீ மட்டும் தெரிஞ்சே. நான் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ஃபியூஸ் கட்டைக்கு ஓடினேன். இத்தனை களேபரத்துலயும் உன் அம்மா சமையல்கட்டு வாசலைத் தாண்டலை. தலை சீவி, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு அங்கேயே நின்னா. நடுநடுவுல என்னைப் பார்த்து, நீங்க பேசுங்க, நீங்க பேசுங்கன்னு கையால ஜாடை வேற. பாவம், கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படறான்னு நினைச்சு, பொறு, உன் முறை வருதுன்னு நானும் ஜாடை காட்டினேன். கரண்ட் வந்தது. மைக்கைக் கையில எடுத்தேன். "நிறைவாக, இந்த வீரனைப் பத்து மாதம் சுமந்து பெற்ற..."ன்னு இழுத்தேன் பாரு, அங்கே நின்னுது. திரையில உன்னைக் காணோம். ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருந்தது. உன் தங்கை தட்டிப் பார்த்தா, உதறிப் பார்த்தா. நேரம் முடிஞ்சு போச்சுப்பான்னா.

அதுக்கப்புறம் வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல. வாயில கேக்கோட எல்லாரும் நைஸா நழுவிட்டாங்க. ஹெட்மாஸ்டர் மட்டும் என் கையைக் குலுக்கி, "நிகழ்ச்சி வெகு சிறப்பு"ன்னு சொல்லிட்டுப் போனார். மனுஷனைக் கடிச்சுக் குதறலாம்னு இருந்தது. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. திட்டலை. திட்டியிருந்தா தேவலை. பேசாம உள்ளே போயிட்டா. அன்னிலேர்ந்து டம்ளர் என் முன்னால 'டொக்'குனு உட்காருது, அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ஏதாவது சொல்லணும்னா உன் தங்கைகிட்ட சொல்றா. நான் எதிர்லயே உட்கார்ந்திருக்கேன், "உங்கப்பாவைக் குளிக்கச் சொல்லு"ங்கறா. என்னால சாப்பிடவே முடியலடா. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் உன்கூட பேசினான். பெத்தவ வாசப்படியில நின்னு வேடிக்கை பார்த்தா. அதுக்கு முழுக் காரணம் நான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஆகையால் மகனே, உன்னிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஆபீசரிடம் எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை லைன் வாங்கு. வேண்டுமானால் என்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லு, பரிதாபப்பட்டாவது கொடுப்பார். அந்த நேரம் பூரா உன் அம்மா ஒருத்திதான் பேசுவாள். நான் வீட்டிலேயே இருக்க மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அதுவும் முடியாது என்றால் அவளுக்கு ஒரு கடிதமாவது போடு. அதில் எனக்காகவும் ஒரு வரி பரிந்து எழுதினால் நல்லது. இந்தப் பார்சலில் உனக்கும் அந்தப் பசங்களுக்கும் தெருவில் எல்லோரும் கொடுத்த காலுறைகள் இருக்கின்றன. டெய்லர் தைத்த கைக்குட்டைகளும் உண்டு. ஹெட்மாஸ்டர் தன் உரையின் மிச்சத்தை எழுதிக் கொடுத்தார், அதை நான் வைக்கவில்லை.

நீயும் உன்னோடு நிற்கிற ஒவ்வொரு பிள்ளையும் போன உருப்படி குறையாமல் வீடு வந்து சேர வேண்டும் என்று ஆண்டவனைத் தினமும் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்,

உன் அன்பு அப்பா.

பி.கு.: பார்சலை ஒட்ட டேப் கேட்டு சமையல்கட்டுக்குப் போனேன். உன் அம்மா கடிதத்தைப் பிடுங்கி நின்னபடியே படிச்சா. படிச்சு முடிச்சு வாயைத் திறந்தா. "யாருக்காக மன்னிப்புக் கேக்கறீங்க? எனக்காகவா? அன்னிக்குக் காலையிலேயே அவன் என்கூட பேசிட்டான். முகாம் ஆபீஸ் போன்லேர்ந்து கூப்பிட்டான், நீங்க நாற்காலி எடுக்கப் போயிருந்தீங்க. சாயங்காலம் வர்றது அப்பாவுக்குத்தாம்மா, அவர்கிட்ட கொஞ்சம் பேசணும், நீங்க விட்டுக்குடுங்கன்னான். அதான் நான் வாசப்படியைத் தாண்டலை. நீங்க ஊரையே பேச வெச்சீங்க. அவன்கூட ஒரு வார்த்தை பேசினீங்களா?"ன்னா. இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னேன். "சொன்னா அதையும் நிரல்ல சேர்த்திருப்பீங்க"ன்னா.

ஃபியூஸ் போன இருட்டுல, உன் தங்கை போன்லேர்ந்து வயரைப் பிடுங்கினதும், நீ "அப்பா, இருக்கீங்களா?"ன்னு கேட்டியாம். நான் ஸ்டூல் மேலேர்ந்து, "யாரும் சத்தம் போடாதீங்க"ன்னு கத்தினேனாம். சத்தியமா என் காதுல விழலடா.

இருக்கேன்டா. என்ன சொல்ல வந்தே?