எர்த்துக்குத் தண்ணீர் ஊற்ற வைத்த ஆல்பம்

அன்புள்ள மருமகன் பாலகணேசுக்கு,

தூத்துக்குடியிலிருந்து உன் மாமா சிவபாலன் எழுதுவது. உன் அத்தை சுகம், மைக்செட்டும் சுகம். என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம், அந்த யோக்கியதை உனக்குக் கிடையாது. போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்றுதான் கடிதம்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் "புது ஆல்பம் மாமா, எலக்ட்ரானிக், எக்ஸ்பெரிமெண்டல், உங்க ஸ்பீக்கர் பெட்டியில கேட்டாத்தான் இதோட பேஸ் தெரியும்" என்று என் உயிரை எடுக்கிறாயே, தங்கச்சி மகன் ஆசையாய் அனுப்புகிறானே என்று கடைசியாக வந்ததைப் பென் டிரைவில் சாமி பாட்டுகளுக்குப் பின்னால் ஏற்றி வைத்தேன். கோயில் கொடைத் திருவிழா முடிந்து ஆற அமரக் கேட்கலாம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறுமுகநேரிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை. அப்பா காலத்திலிருந்து அங்கே நம்ம செட்டுதான். மத்தியானப் பூஜை, கூட்டம் நெரிகிறது. சாமி பாட்டு முடிந்ததும் பெட்டிகளிலிருந்து 'உம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மைக்செட்காரன் எவனும் என்ன நினைப்பான்? எர்த் குழி காய்ந்துபோய் கரண்ட் இரைகிறது என்றுதான் நினைப்பான். ஓடிப்போய் எர்த் குழியில் உப்பைக் கொட்டிக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினேன். நிக்கல. வயரை மாத்துனேன், ஆம்ப்ளிஃபயரை மாத்துனேன், எனக்கு வேர்த்து ஊத்துது, அது பாட்டுக்கு இரையுது, நடுநடுவுல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வேற. கமிட்டித் தலைவர் லிங்கராஜ் அண்ணாச்சி வந்து, "ஏலே சிவபாலா, சாமி வார நேரத்துல என்னல இது? அடுத்த வருசம் ஒனக்குக் கொடை கிடையாது, பாத்துக்க"ன்னு ஊரே கேக்கச் சொல்லுதாரு. அதோட விட்டாரா? தொழில்ல எனக்கு எதிரி மணப்பாட்டு கிளைட்டன், பக்கத்துக் கல்யாண வீட்டுக்கு செட்டு போட்டிருந்தவன், அவனைக் கூப்பிட்டுட்டாரு. அவன் பெட்டியோட சிரிச்சிக்கிட்டே வாரான். என் பிளேயரைக் கழத்தித் தன் செட்டுல மாட்டுதான். அங்கனயும் உம்ம்ம்ம்! அவனும் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுதான். அப்பத்தான்ல பிளேயரைப் பாத்தேன். நீ அனுப்புன ஆல்பம் ஓடிக்கிட்டிருக்கு! யாருக்கும் தெரியாம அதை நிறுத்திட்டு வந்துட்டேன்.

பாட்டாம்ல பாட்டு! துறைமுகத்துல கப்பல் இன்ஜின் இதைவிட நல்லாப் பாடும். அப்பா சம்பாதிச்ச கோயிலு போச்சேன்னு எனக்கு வயிறு எரியுது. நீ அனுப்புன அம்புட்டையும் அழிச்சாச்சு. இனிமே ஆல்பம் கீல்பம்னு வந்தா ஒங்கம்மைகிட்ட சொல்லி ஒன் போனைப் பிடுங்கச் சொல்லுவேன்.

எப்படியானாலும் நீ தங்கச்சி பிள்ளை. சுடலைமாடன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல காதும் கொடுக்கட்டும்.

கோபம் ஆறாத,
மாமா சிவபாலன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது லிங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். சாமியாடி சுடலைக்கண்ணன் கமிட்டியில், "சிவபாலன் பெட்டியில அந்த உம்ம்ம் வந்ததுமே, மேளத்துக்கு முன்னால எனக்கு அருள் வந்துட்டு. கிளைட்டன் பெட்டிக்கு மாத்துனாவ, கொஞ்ச நேரத்துல உம்ம்ம் நின்னுட்டு, அருளும் போயிட்டு" என்றாராம். அடுத்த வருஷமும் கொடை நமக்குத்தான், ஆனால் அந்த 'உம்ம்ம்' பழுது கட்டாயம் வேண்டுமாம். அதனால் மேலே உள்ளதை வாசிக்காதே. அழித்ததைத் திரும்ப அனுப்பு. அந்தப் பாட்டைப் போட்ட ஆள் வேறென்ன ஆல்பமெல்லாம் போட்டிருக்கிறான், அதையும் அனுப்பு. தன் செட்டுல எப்படிப் பழுது வந்துச்சுன்னு புரியாம கிளைட்டன் இன்னும் எர்த் குழி தோண்டிக்கிட்டு இருக்கான். அது பாட்டுன்னு அவன்கிட்ட மூச்சு விட்டுராத.