மைக்கின் வாலில் உப்புத்தாள்

ஒன்பது வோல்ட்டைப் போல ஒரு கோபக்காரர் திருவனந்தபுரத்தில் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. பிள்ளைகளே, இதை எழுதும்போது எனக்கும் கோபம் வருகிறது. இருபது வருஷம் ஆகியும் ஆறாத கோபம்.

அவருடைய சொந்தப் பெயர் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற எங்கள் கானமேளைக் குழுவில் யாருக்கும் தெரியாது. மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற வயர் இல்லாத மைக் இரண்டும் அவர் பொறுப்பு. அதற்குள் போடுகிற ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துத்தான் சோதிப்பார். சுருக்கென்று கடித்தால் நல்ல பேட்டரி. "இது நாலு பாட்டு பாடும். இது செத்துப்போச்சு" என்று பிரித்து வைப்பார். குழு முதலாளி ஒரு மீட்டர் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "உம்ம மீட்டருக்கு ருசி தெரியுமாவே?" என்று கேட்டார். ஆளும் அந்த பேட்டரி மாதிரியே கட்டைச் சதுரம்.

மைக்கில் ஊதினால் கோபம். தட்டினால் அதைவிடக் கோபம். ஒரு கோயில் விழாவில் கமிட்டித் தலைவர் பேச வந்து, மைக்கின் தலையில் மூன்று தட்டு தட்டினார். ஒன்பது வோல்ட் மேடையேறிப் போய், தலைவரின் வழுக்கையில் அதே மூன்று தட்டு தட்டி, "கேக்குதா?" என்றார். அந்தக் கோயிலில் எங்களை அப்புறம் கூப்பிடவே இல்லை.

ஆனால் அவர் அதிகம் கோபப்பட்டது என்மேல்தான். நான் அப்போது தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கானமேளை என்றால் மலையாளப் பாட்டுகளுக்கு நடுவில் இரண்டு தமிழ்ப் பாட்டு வேண்டும். கூட்டம் எழுந்து ஆடுவதே அதற்குத்தான். லீவு நாளில் போய் அந்த இரண்டையும் நான் பாடுவேன். பரோட்டா மாவைப் பிடிக்கிற கை மைக்கையும் அப்படித்தான் பிடிக்கும். அடியைப் பிடித்து ஒரு சுழற்று. அந்த மைக்குக்கு ஏரியல் இருப்பதோ அதே அடியில். உள்ளங்கையால் அதை மூடினால் சத்தம் அறுந்துபோகும்.

"வாலப் பிடிக்காதடே. வாலப் பிடிச்சா மாட்டுக்கே கோவம் வரும், மைக்குக்கு வராதா?"

"பாடும்போது கை எங்க இருக்குன்னே தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதா? அப்போ வயரு மைக்கு தாறேன். ஆட்டைக் கெட்டிப் போட்ட மாதிரி ஒரே எடத்துல நில்லு."

வித்துராவில் ஒரு கிளப் ஆண்டு விழா. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் கூவியது. நான் அவரைக் கைகாட்டி, "மைக்கு சரியில்ல" என்று கத்தினேன். அவர் இன்னொரு மைக்கை எடுத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "மைக்கு நல்ல மைக்குதான். பிடிச்சவன் பரோட்டாக்காரன், அல்லே?" கூட்டம் சிரித்த அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பும் வழியில் முதலாளி சொன்னார்: "அடுத்தது வலியசாலைப் பக்கம். அங்கயும் பாட்டு அறுந்தா வேற ஆளப் பாப்பேன். நல்லா வந்தா நீ குழுவுல ஸ்திரம். ஹோட்டலை விட்டுட்டு வந்திரலாம்."

பரோட்டாக் கல்லின் சூட்டில் ஏழு வருஷம் நின்றவன் நான். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

வலியசாலையில் என் முறை வந்தது. ஒன்பது வோல்ட் ஒரு பேட்டரியை எடுத்து நக்கி, முகத்தைச் சுளித்து, உள்ளே போட்டு மூடி, மைக்கை நீட்டினார். அதன் வாலில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. என்ன என்று கேட்பதற்குள் இசை தொடங்கிவிட்டது.

முதல் சரணத்தில் கை வழக்கம்போலக் கீழே இறங்கியது. பொரிந்தது பாருங்கள் ஓர் எரிச்சல். தச்சர்கள் மரம் தேய்க்கிற உப்புத்தாள். சொரசொரப்பை வெளியே வைத்துச் சுற்றியிருக்கிறார் மனிதர். கை மேலே ஓடியது. மறந்து இறங்கியது. மறுபடி சிராய்த்தது. வந்த கோபத்தை மேடையில் எங்கே காட்டுவது? பாட்டில் காட்டினேன். அது காதல் பாட்டு. ஒன்பது வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே, அவரைத் திட்டுகிற மாதிரி பாடி முடித்தேன். ஓர் எழுத்துகூட அறுந்துபோகவில்லை. முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்த அக்ரகாரத்து மாமாக்கள்கூட எழுந்து ஆடினார்கள். முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். ஸ்திரம்தான்.

கீழே இறங்கி நேரே சண்டைக்குப் போனேன். உள்ளங்கையை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"என்ன வேலை அண்ணாச்சி இது? மனுசன் கையா, மரக்கட்டையா?"

அவர் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீ பாடுவியாடே?"

"ரெண்டு வருசமா பின்ன என்ன செய்யுதேன்?"

"ரெண்டு வருசமா துண்டு துண்டாத்தான் கேட்டேன். முழுசா இன்னைக்குத்தான் கேட்டேன்." பேட்டரிப் பெட்டியைப் படாரென்று மூடினார். "கொள்ளாம். போ, கையில தேங்காண்ண தேய்."

கொள்ளாம் என்றால் மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அதையும் சிடுசிடுத்த முகத்தோடுதான் சொன்னார்.

உப்புத்தாளைப் பிரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். குழு கலைகிற வரை அந்த மைக்கில்தான் பாடினேன். தாள் தேய்ந்தால், நான் கேட்காமலே புதுத்தாள் சுற்றிவிடுவார்.

இப்போதும் என் கை எதன் வாலுக்கும் போவதில்லை. குடையை நடுவில் பிடிக்கிறேன், கரண்டியை நடுவில் பிடிக்கிறேன். துடைப்பத்தையும் நடுவில் பிடித்துப் பெருக்குவதால் கை சுளுக்குகிறது. என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சுளுக்கும்போதெல்லாம் ஒன்பது வோல்ட்டைத் திட்டுகிறேன். அவரைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை.