ஒரே ஒருத்தி ஓடிய பந்தயத்தில் இரண்டாம் பரிசு

சமதரையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. மேடு என்பது கொஞ்சம் சாய்ந்த சமதரைதான் என்று நினைத்துக்கொள்வார்கள். எண்பதுகளின் நடுவில், மாட்டுங்காவில் வீட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் தினமும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

அப்போது நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனியின் தொழிற்சாலை விக்ரோலியில். அங்கிருந்த ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குத் திடீரென்று மலை சைக்கிள் பந்தயம் நடத்தும் ஆசை வந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த குன்றில் மண்பாதை வழியாக ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி கேட்டுக்கு வர வேண்டும். கிளப் செயலாளர் காம்ப்ளே பெண்கள் பிரிவு ஒன்றையும் அறிவித்துவிட்டார். பிரிவு தயார், பெண்கள்தான் இல்லை. கடைசியில் என் மேஜைக்கு வந்து, வேறு ஒருத்தரும் பெயர் கொடுக்கவில்லை, போய்ச் சேர்ந்தாலே முதல் பரிசு உனக்குத்தான் என்று ஹிந்தியில் கெஞ்சினார். முதல் பரிசு பிரஷர் குக்கர். பள்ளிக்கூடத்தில் லெமன் ஸ்பூன் பந்தயத்தில்கூட ஜெயிக்காதவள் நான். (எலுமிச்சை விழவில்லை, நான்தான் விழுந்தேன்.) ஒப்புக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா என்னைத் தடுக்கவில்லை. நிபந்தனை மட்டும் போட்டாள்.

"நாலு மணிக்கு அவா வந்துடுவா. முகத்துல அடி படாம வந்து சேரு. பாக்கியெல்லாம் புடவை மறைச்சுடும்."

மழைக்காலம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. விசில் ஊதியதும், ஆண்கள் எல்லோரும் என்னை ஒரு மின்கம்பத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போய்விட்டார்கள். நான் கௌரவமாக மிதித்தேன். முதல் வளைவுவரை மிதித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கியர் இல்லாத சைக்கிள், முன்பக்கம் கூடை வேறு. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். சேற்றில் சக்கரம் புதைந்த இடங்களில் தூக்கிக்கொண்டும் நடந்தேன். உச்சியில் காவலுக்கு நின்ற தொண்டர், பந்தயம் முடிந்துவிட்டதென்று கல்லில் உட்கார்ந்து வடா பாவ் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வழி தவறிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தார்.

இறக்கத்தில் மானத்தை மீட்டுவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். அது பெரிய தப்பு. பாதை முழுக்கக் கல். ஒவ்வொரு கல்லும் அந்தக் கட்டாந்தரை போன்ற ஸீட் வழியாக என்னிடம் தனித்தனியாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பாதி வழியில் பிரேக்கை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஹடோ, ஹடோ" என்று யாருமில்லாத மலையை விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் ஒரு எருமைத் தொழுவம். அதன் கதவு திறந்திருந்தது கடவுள் செயல். கதவுக்கு நேரே சாணக் குவியல் இருந்ததும் அப்படித்தான்.

தொழுவத்துக்காரர் ஓடி வந்தார். முதலில் எருமைகளைத் தடவி ஆறுதல் சொன்னார். பிறகு என்னை எழுப்பி, எருமை கழுவும் வாளியாலேயே நாலு வாளி ஊற்றினார். பயத்தில் மாடுகள் பால் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கீறல்கூட இல்லை.

கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பரிசளிப்பு முடிந்து மேலதிகாரிகளும் போய்விட்டார்கள். காம்ப்ளே மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி, பரிசளிப்புக்குப் பிறகு வருகிறவர்களுக்கு முதல் பரிசு தர விதி இல்லை என்று விளக்கி, இரண்டாம் பரிசான பிளாஸ்டிக் ஜக்கை நீட்டினார். அப்படியானால் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டேன். இந்த வருடம் பெண்கள் பிரிவில் யாரும் ஜெயிக்கவில்லை என்றார், உண்மையான வருத்தத்துடன்.

வீட்டில் அம்மா என் முகத்தை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை" என்றாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வாசனைக்கு ஈடு கொடுக்க வழக்கத்தைவிட இரு மடங்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். நமஸ்காரம் பண்ணச் சொன்னார்கள். குனிந்து விழுந்துவிட்டேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தொடைகள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. தரையில் தலை வைத்தபடியே கிடந்தேன். எப்படியோ நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பையனின் அம்மா பாயைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்காருவதா! "பரவாயில்லை மாமி, நிக்கறேன்" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடி மறுத்தேன். பஜ்ஜி, காபி, பாட்டு எல்லாம் முடியும்வரை பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (அன்று நான் பாடியதில் இருந்த உருக்கம் முழுக்க வலி.) அப்பா என்னைப் பார்த்த பார்வையில், வரன் போயே போய்விட்டது என்று புரிந்தது.

இரண்டாம் நாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நமஸ்காரத்தைப் பார்த்ததே இல்லை என்றாராம் மாமி. பெரியவர்கள் எதிரில் உட்காரவே மாட்டேன் என்று நின்றாளே, அது வளர்ப்பு என்றாராம்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. மாமியார் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் அவர் எதிரில் உட்காராமல் பல வருடம் நின்றுகொண்டே காபி குடித்தேன். என் கணவருக்கு மட்டும் நிஜம் தெரியும். கதை தொடங்கியதும் எழுந்து பால்கனிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்.

எங்கள் பெண் பிறந்த பிறகு ஒருநாள், கால் கடுத்துப்போய், மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலை, எருமை, சாணம், ஜக், எதையும் விடவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு பக்கத்து நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"உக்காரு. ஆனா வெளில யார்ட்டயும் சொல்லிடாதே. நான் செம்பூர் முழுக்கச் சொல்லியாச்சு."