அடிக்கு முந்நூறு

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, வீட்டுக்குத்தான் வயிறு சரியில்லாமல் இருந்தது. அந்த விவரத்தைச் சொல்லவே இக்கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் போன வழியே திரும்பி வந்ததும், "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கிற வயசா எனக்கு? இது சரியாகிற வரைக்கும் தம்பி வீட்டுல இருக்கேன்" என்று உன் அக்கா பெட்டியைத் தூக்கியதும் உனக்குத் தெரியும். கழிவுக்குழி நிரம்பிவிட்டது என்று நான் தொலைபேசியில் சொன்னதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ஒரு குழிதானே அத்தான், யாரையாவது கூப்பிட்டுத் தோண்டச் சொல்லுங்க." குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து காகிதத்தில் முத்திரை குத்துகிறவர்களுக்கு எல்லாக் குழியும் ஒரு குழிதான். எடுத்துக்காட்டுக்கு, மரக்கன்று நட ஒரு குழி தோண்டினால் செலவு ஒருநாள் இடுப்புவலி. காய்ந்த இலையைப் போட்டு மக்க வைக்க ஒரு குழி என்றால் இரண்டுநாள் இடுப்புவலி. மழைத்தண்ணீர் இறங்க ஒரு குழி என்றால் கொஞ்சம் கல்லும் மணலும் சேரும். ஆனால் மனிதன் உட்கார்ந்து எழுகிற விஷயத்துக்கு ஒரு குழி என்றால், தம்பி, அதில் முதலில் விழுவது பென்ஷன்தான்.

முதலில் உறைக்காரர் வந்தார். சிமெண்டு வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குகிறவர். வாசலிலேயே நின்று, "எட்டடி போகணும் சார். தோண்டுறதும் சேர்த்து அடிக்கு எழுநூறு" என்றார். ஐயாயிரத்து அறுநூறு. அடுத்து மேஸ்திரி வந்தான். செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே தடுப்பு வைத்து, மேலே மூடி போட்ட தொட்டி. அவனும் எட்டடி ஆழம் என்றான். அடிக்கு முந்நூறு என்றான். எட்டை முந்நூறால் பெருக்க எனக்குக் காகிதம் வேண்டாம். செங்கல் தொட்டி இரண்டாயிரத்து நானூறுக்குக் கிடைக்கும்போது வெறும் வளையத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறாரே என்று உறைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கால்மணி நேரம் வாசலில் நிறுத்தி, நியாய விலை என்றால் என்ன, ஆளைப் பார்த்து விலை சொல்வது ஏன் தவறு என்று உதாரணத்தோடு விளக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தொட்டியே கட்டிக்கோங்க சார், நல்லா இருப்பீங்க" என்று சொல்லிப் போனார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு நாலாம் நாள்தான் விளங்கியது.

நாலாம் நாள் ஆறடி நீளம், ஐந்தடி அகலம், எட்டடி ஆழத்துக்குப் பின்கட்டில் பெட்டி மாதிரி ஒரு பள்ளம். மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். எழுபத்திரண்டாயிரம். "என்னப்பா இது, அடிக்கு முந்நூறுன்னுதானே சொன்னே?" என்றேன். "ஆமா சார். கன அடி. ஆறு, அஞ்சு, எட்டு. எல்லாம் பெருக்கினா எரநூத்தி நாப்பது. அதை முந்நூறால பெருக்குங்க" என்றான். "கன அடின்னு சொல்லவே இல்லையே" என்றேன். அவன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னைத் தெரியலையா சார்? எட்டாங்கிளாஸ்ல கடைசி பெஞ்சு. நீளம், அகலம், ஆழம் மூணையும் பெருக்காம ஒண்ணை விட்டுட்டேன்னு கணக்குல ஃபெயில் போட்டீங்க. அன்னையிலிருந்து மூணையும் பெருக்கித்தான் சார் பொழைக்கிறேன்" என்றான்.

முப்பத்தோரு வருஷம் கன அளவு நடத்தியவன் நான். எழுபத்திரண்டாயிரத்துக்கு என் வீட்டுக் கழிவு அரண்மனையிலா குடியிருக்க வேண்டும்? கட்டவேண்டாம், பள்ளத்தை மூடிவிடு என்றேன். "தோண்டினது அடிக்கு இருபது சார். மூடினாலும் இருபது. ரெண்டும் அதே மண்ணுதானே" என்றான். இருபது என்றதும் சந்தோஷப்படாதே, அதுவும் கன அடிதான். மூடவேண்டாம் என்று பள்ளத்தை அப்படியே விட்டு, தோண்டினதற்கு மட்டும் நாலாயிரத்து எண்ணூறு எண்ணிக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன, வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உறைக்காரர் வீட்டுக்கு நானே நடந்து போனேன். வந்து எட்டிப் பார்த்தார். "தோண்டியே ரெடியா இருக்கே, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றேன். "ரெடிதான் சார். ஆனா பள்ளம் பெட்டி, என் உறை வட்டம். சுத்தி இருக்கிற சந்துல எல்லாம் கல்லு போட்டு நிரப்பணும், அதுக்கு மூவாயிரம் கூட ஆகும்" என்றார். அந்த மனுஷர் நியாய விலை பற்றி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுதான் வலித்தது. ஐயாயிரத்து அறுநூறில் முடிகிற வேலை பதிமூவாயிரத்து நானூறில் முடிந்தது. அவர்களைக்கூடக் குறை சொல்லவேண்டாம். ஒரு குழிதானே என்றாயே, நீ வந்து ஒரு நாள் விளிம்பில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். போன தடவை பத்து நாள் தங்கிவிட்டுப் போனபோது உன்னோடு என் ஷேவிங் பிரஷும் ஊருக்கு வந்துவிட்டதே, அதையாவது அனுப்பி வை. கேட்கக்கூடாது என்றுதான் ஆறு மாதமாக இருந்தேன்.

போகட்டும். நேற்றுப் புதுக் குழாயை இணைத்தாகிவிட்டது. ஒரு வாளி ஊற்றினால் மடமடவென்று இறங்குகிறது. அக்காவிடம் சொல். சனிக்கிழமைப் பகல் வண்டிக்கு நான் நிலையத்தில் நிற்பேன். இரண்டு பேருக்குத்தான் எனக்குத் தேநீர் போடவரும். தினமும் ஒரு டம்ளரைக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. கணக்குப் போடும்போது அலகை எழுதச் சொல். உனக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன், தோண்டிப் போட்ட மண்ணை அள்ள வரச்சொல்லியிருந்த மேஸ்திரி பின்கட்டிலிருந்து கூப்பிட்டான். அந்த மண்ணால் பழைய குழியை மூடிவிடலாம் என்று அதன்மேல் இருந்த பலகையைத் தூக்கியிருக்கிறான். பாதிகூட நிரம்பவில்லை. இத்தனை பேர் சேர்ந்து இத்தனை பெருக்கல் போட்டோமே, முதலில் அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் போகும் பழைய குழாயில்தான் அடைப்பு. கம்பி விட்டு இழுத்தான், என் ஷேவிங் பிரஷ் வந்தது. கழிப்பறை ஜன்னல் விளிம்பில் அதை வைக்காதீர்கள், கீழே விழும் என்று உன் அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கு அடிக்கணக்கு கிடையாது சார், சும்மாதான்" என்றான்.

இந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு மீதியை அக்காவிடம் கொடு என்று எழுதத்தான் நினைத்தேன். திருப்பிப் பார்த்தால், அவளை வரச்சொன்ன வரி இதன் முன்பக்கத்தில் இருக்கிறது. அதனால் கிழிக்காதே. முதலில் அவளை வண்டியில் ஏற்றிவிடு, வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கொடு.